பணம் வாங்க ரகசிய எண் எதற்கு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2016இல் கைபேசி வழியே பணம் அனுப்பும் யுபிஐ முறை அறிமுகமானபோது அது பெரிய கடைகளோடு நின்றுவிடும் என்று எண்ணியவர்களில் நானும் ஒருவன். இன்று எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாவின் கூடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பயன்பாடு பரவிய வேகத்தில் புரிதல் பரவவில்லை என்பதே என் கவலை.

அண்மையில் என் உறவினர் ஒருவர் பழைய கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். முன்பணம் அனுப்புவதாகச் சொன்ன ஒருவர் வாட்ஸ்அப்பில் கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்ப, இவர் அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டவுடன் இவருடைய கணக்கிலிருந்தே 8,000 ரூபாய் போய்விட்டது. இத்தனைக்கும் அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஸ்கேன் செய்வதும் ரகசிய எண் இடுவதும் பணம் கொடுப்பதற்குத்தான், பெறுவதற்கு அல்ல என்ற ஒரு வரியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஏமாந்தது தெரிந்த உடனேயே இணையவழிக் குற்றங்களுக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்திருந்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் அதை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். அவரோ வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டாரிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு வரும் வங்கி எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலக் குறுஞ்செய்திகளே. வங்கிக் கிளைகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் மேற்சொன்ன ஒரு வரியையும் 1930 என்ற எண்ணையும் பெரிய தமிழ் எழுத்துகளில் எழுதிவைக்குமாறு வங்கிகளையும் மாவட்ட நிர்வாகத்தையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை