தாமரைக் கோயிலில் நீ கேட்ட கேள்விக்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ கொடுத்தனுப்பிய சால்வையை அம்மா இந்த வெயிலிலும் ஒருமுறை போர்த்திப் பார்த்துவிட்டுத்தான் பீரோவில் வைத்தாள்.

டெல்லியில் தாமரைக் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தபோது என் காதருகே குனிந்து, "எப்படி இருக்கிறது அப்பா?" என்று கேட்டாய். அங்கே பேசக்கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன். வெளியே வந்ததும் செருப்பைத் தேடுவதிலும் ஆட்டோ பிடிப்பதிலும் பேச்சு மாறிவிட்டது. ரயிலில் இரண்டு நாளும் எனக்கு அதே நினைவுதான்.

35 வருடம் சென்டரிங் அடித்தவன் நான், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையும் முட்டும் அடிப்பவன். எந்தக் கூரையைப் பார்த்தாலும், இதற்கு எப்படி முட்டுக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடும். நம் வீடுகளுக்குப் பலகை, முட்டு, ரசமட்டம் போதும். அங்கே 27 இதழ்கள். எதிலும் மூலைமட்டம் வைக்க இடமில்லை. தாமரையைத் தாளில் வரைந்துவிடலாம். தச்சன் பலகை அறுக்க அளவு வேண்டுமே! ஒவ்வொரு வளைவையும் உருண்டை, உருளை, கூம்பு ஆகியவற்றின் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள் என்று நீ சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கணக்குக்குள் வந்துவிட்டால் பலகைக்குள்ளும் வந்துவிடும். வரைந்தவர் ஈரானில் பிறந்த ஃபரிபோர்ஸ் சாபா. கட்டிக் கொடுத்தது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எல் அண்டு டி கட்டுமானப் பிரிவு. 1980-இல் வேலை தொடங்கி 1986 டிசம்பரில் திறப்பு விழா நடந்திருக்கிறது.

ஓர் இதழுக்குக் கான்கிரீட் போடத் தொடங்கினால் ஏறத்தாழ 48 மணி நேரம் நிறுத்தாமல் போட்டிருக்கிறார்கள். நிறுத்தினால் பழைய கலவைக்கும் புதிய கலவைக்கும் இடையே ஜாயிண்ட் விழும். பின்னால் அங்கேதான் விரிசல் வரும். டெல்லிக் கோடையில் 45 டிகிரி வெயில் அடிக்கும்போது, கலவை 30 டிகிரிக்கு மேல் சூடேறாமல் இருக்க ஐஸ் போட்டுக் கலந்திருக்கிறார்கள். அந்தக் கலவையைச் சாரத்தின் மேல் ஏற்றியவர்கள் பெண்கள். தலைக்கு ஏறத்தாழ 22 கிலோ.

உன் ஆச்சியை நீ பார்த்ததில்லை. அவள் சித்தாளாக இருந்தவள். சும்மாடு வைத்து வைத்து உச்சந்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடியே இருக்காது. எண்ணெய் தேய்க்கும்போது அந்த இடத்தை என் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். கோயிலுக்குள் அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டதை நீ கவனித்தாய் என்று தெரியும். தூசி எதுவும் விழவில்லை அம்மா.

இன்னொன்று. உள்ளே இருக்கும் கம்பிகள் முழுவதற்கும் துத்தநாகப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள், கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் மெல்லிய கட்டுக் கம்பிக்குக்கூட. வெள்ளைக் கான்கிரீட்டில் ஒரு கம்பி துருப்பிடித்தாலும் போதும், பழுப்புக் கறை கசிந்து வெளியே வரும். யார் கண்ணுக்கும் தெரியாத கட்டுக் கம்பி வரைக்கும் யோசித்தவரை நான் கும்பிடுகிறேன். வெளியே போர்த்தியிருக்கும் கிரேக்கத்துப் பளிங்கை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தக் கம்பிதான் பெரிது.

நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். அந்த வடிவம் வேலை செய்கிறது. வெளிப்பக்கம் விரியும் ஒன்பது இதழ்கள் ஒன்பது வாசல்களுக்கும் நிழல் தருகின்றன. மொட்டுப்போல் நிற்கும் உள் இதழ்கள் உச்சியில் ஒன்றை ஒன்று தொடாமல் விலகி நிற்பதால், நடுவில் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் இறங்குகிறது. சுற்றியுள்ள ஒன்பது குளங்கள் அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். தண்ணீரில் குளிர்ந்த காற்று அடித்தளத்துத் திறப்புகள் வழியே மண்டபத்துக்குள் வருகிறது. சூடான காற்று மேலே ஏறி உச்சி வழியாகப் போகிறது. தாமரையும் தண்ணீரும் சேர்ந்து மூச்சு விடுகின்றன.

நம் பைபாஸ் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் வணிக வளாகத்தைப் பார்த்திருப்பாய். மேற்கு முகம் முழுவதும் நீலக் கண்ணாடி. மூன்று மணி வெயிலில் உள்ளே நிற்க முடியாது என்று திரை போட்டு மறைத்து, பகலிலேயே விளக்கு எரிக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் தனியாகத்தான் தெரிகிறது. அதைத் தனித்தன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துபாய் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம் என்று நீ முன்பு சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது மூன்று சிறகாக நின்று, மேலே போகப் போகப் படிப்படியாகக் குறைவது காற்றை ஒரே சீராக மோதவிடாமல் குழப்பத்தான் என்று விளக்கினாயே, அன்றைக்கு அந்தக் கட்டடத்தை எனக்குப் பிடித்துவிட்டது.

நீ வரைந்து உன் கம்ப்யூட்டரில் காட்டிய அந்த நூலகக் கூரை அலைபோல அழகாக இருக்கிறது. அப்பாவுக்குச் சில சந்தேகங்கள். இரண்டு அலைகளுக்கு நடுவில் விழும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும்? அந்த இடுக்கில் இலை அடைத்தால் கை நுழையுமா? கான்கிரீட் இறுகிய பிறகு பலகையை எந்தப் பக்கமாக உருவுவது? குறை சொல்வதாக நினைக்காதே. இதற்கெல்லாம் நீ விடை தேடும்போது அந்த அலையின் வளைவே மாறலாம், மாறட்டும்.

ஜனவரியில் வரும்போது அந்த வரைபடத்தைப் பெரிய தாளில் எடுத்துக்கொண்டு வா. கலவை தூக்கிக்கொண்டு ஏறுபவர்களுக்குச் சாரத்தில் படி எங்கே வரும் என்பதையும் அதில் குறித்து வை. முட்டுக் கணக்கை நாம் திண்ணையில் உட்கார்ந்து போடலாம்.

அன்புடன்,
அப்பா