மலையில்லாத ஊரில் மலை வரைகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிளுக்கு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை 1821இல் அவர் வரைந்த 'வைக்கோல் வண்டி'யில் தொடங்கி, 1824இல் பாரிஸில் அதற்குக் கிடைத்த தங்கப் பதக்கத்தோடு முடிந்துவிட்டது. அந்தக் கையும் கண்ணும் எப்படிப் பழகின என்பதைத் தொடாமல் விட்டது பெருங்குறை.

கிளிநொச்சியில் நெடுங்காலம் சித்திரம் படிப்பித்தவன் நான். "இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்றால் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே வளைந்தோடும் ஆறு என்று வரைந்து நீட்டுவார்கள். வன்னியில் மலைக்கு எங்கே போவது? வகுப்பறை யன்னலுக்கு வெளியே வயலும் வரம்பும் பனையும் நிற்கும். ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கரும்பலகையில் அந்த மலைகளைப் போட்டுக் காட்டியவர்கள் நாங்கள்தான்.

கொன்ஸ்டபிளும் முந்திய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைந்தே பழகினார். 1802இல் அது போதும் என்று தீர்மானித்து, பிறந்த ஊரான ஈஸ்ட் பெர்கோல்ட்டில் இயற்கையை நேரே பார்த்து வரையத் தொடங்கினார். தகப்பனாரின் மாவாலை, ஸ்டூர் ஆறு, படகுகள்: வாழ்நாள் முழுவதும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தவை அவை. 1806இல் வட இங்கிலாந்தின் மலைப்பகுதிக்குப் போய் இரண்டு மாதம் வரைந்தும் பார்த்தார். மலைகளின் தனிமை மனத்தை அழுத்துகிறது என்று பின்னாளில் நண்பரிடம் சொல்லியிருக்கிறார்.

நிலக்காட்சி பழைய வயலினைப் போலப் பழுப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு பிரபு வாதிட்டபோது, கொன்ஸ்டபிள் ஒரு வயலினை எடுத்துப் பசும்புல்லின் மேல் வைத்துக் காட்டினாராம். அவருடைய புல்வெளியில் ஒரே பச்சை கிடையாது. பல பச்சைகள் பக்கம் பக்கமாக நிற்கும். இரணைமடுக் குளக்கட்டில் நின்று பார்த்தால் இது விளங்கும். கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நிற்கும் நெற்பயிரின் பச்சை வேறு, மருத மரத்தின் பச்சை வேறு, நீரோரப் பாசியின் பச்சை வேறு. பாஸ்டல் பெட்டியிலுள்ள ஒரு பச்சைக் குச்சியால் மூன்றையும் தேய்த்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தவை அவருடைய முகில் படங்கள். 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று, முகில் கலைவதற்குள் தாளில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்து, பின்புறத்தில் திகதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார். முகிலைப் பார்த்து மழை சொல்லும் எங்கள் கமக்காரருக்கு அந்தக் குறிப்புகள் அந்நியமாகத் தோன்றாது. இவ்வளவு உழைத்தவருக்கு லண்டனின் ஓவியர் கழகமான ரோயல் அக்கடமியின் முழு உறுப்புரிமை 1829இல், 52 வயதில்தான் கிடைத்தது.

அடுத்த இதழில் அந்த முகில் படங்களில் ஒன்றையாவது வண்ணத்தில் அச்சிடுங்கள். காலபோக விதைப்புக்கு முகில் கூடும் நாட்களில் பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போய் அதைக் காட்ட விரும்புகிறேன். தாளின் பின்புறத்தில் அவர்கள் கொண்டல் காற்று என்றோ வாடைக் காற்று என்றோ எழுதட்டும்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
கிளிநொச்சி.