கவாபட்டாவின் தலைப்பில் ஒரு ‘நோ’

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆசிய எழுத்தாளர்களைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பார்த்தே எழுதப்படுகின்றன. அதில் என்ன போய்விடுகிறது என்பதற்குக் ஜப்பானிய எழுத்தாளர் கவாபட்டா யாசுனாரியின் நோபல் உரை ஒன்றே போதும். 1968 டிசம்பரில் அவர் ஜப்பானிய மொழியில் ஆற்றிய உரை அது. ஆங்கிலத் தலைப்பைப் பார்த்துத் தமிழாக்கினால் ‘அழகிய ஜப்பானும் நானும்’ என்று வரும். மூலத் தலைப்போ ‘உத்ஸுகுஷீ நிஹோன் நோ வதாகுஷி’. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘அழகிய ஜப்பானின் நான்’. ‘உம்’ வேண்டுமென்றால் ஜப்பானிய மொழியில் ‘தோ’ இருக்கிறது. தலைப்பில் நிற்பது ‘இன்’ என்று பொருள்படும் ‘நோ’.

இந்த ‘நோ’வைத்தான் 1994இல் அதே நோபல் மேடையில் இன்னொரு ஜப்பானிய எழுத்தாளர் ஓஎ கென்சபுரோ கையில் எடுத்தார். அழகிய ஜப்பானின் ஒரு பகுதியான நான் என்றும் கொள்ளலாம், ஜப்பானையும் என்னையும் அருகருகே வைத்ததாகவும் கொள்ளலாம் என்று அவரே பிரித்துக் காட்டினார். ஆங்கிலத் தலைப்பு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டது. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு முதல் பொருள் உடனே பிடிபடும். ஆறாம் வேற்றுமையில் ‘சாத்தனது கை’ தற்கிழமை, அதாவது பிரிக்க முடியாத உடைமை; ‘சாத்தனது வீடு’ பிறிதின்கிழமை, அதாவது பிரிக்கக்கூடிய உடைமை. ஜென் துறவி தோகெனின் பாடலோடு உரையைத் தொடங்கிய கவாபட்டாவின் ‘நான்’, ஜப்பானுக்குக் கை போன்றது, பிரித்தெடுக்க முடியாதது.

ஓஎ அப்படி ஒட்டிக்கொள்ள மறுத்தவர். 1935இல் ஷிகோகு தீவில், காடு சூழ்ந்த கிராமத்தில் பிறந்து, தோக்கியோவில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். கவாபட்டாவைவிட அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸே தமக்கு நெருக்கம் என்று அந்த உரையிலேயே சொன்னார். ஆனாலும் ‘நோ’வை அவர் விடவில்லை. அவர் வைத்த தலைப்பு ‘அய்மாய் ந நிஹோன் நோ வதாகுஷி’. மாறியது முன்சொல் மட்டுமே. கவாபட்டாவுக்கு அவர் சொன்ன பதிலே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

‘அய்மாய்’ என்பதைத் தமிழாக்கும்போது சறுக்கல் நேரும். அகராதியைப் பார்த்து ‘தெளிவற்ற’ என்று போட்டால் கருத்தே கவிழ்ந்துவிடும். கவாபட்டாவின் தலைப்பைப் பற்றித்தான் ஓஎ அந்தப் பொருளில் பேசினார். தம் தலைப்புக்கு அவர் கொண்டது வேறு பொருள்: மேற்கைப் பார்த்து நவீனமாகிக்கொண்டே மரபையும் இறுகப் பிடித்து, ஆசியாவில் இருந்துகொண்டே ஆசிய நாடுகள் மீது படையெடுத்த ஒரு நாட்டின் பிளவு. ‘இருபாற்பட்ட ஜப்பானின் நான்’ என்பது ஓரளவு பொருந்தும். ‘இரட்டுற மொழிதல்’ நினைவுக்கு வந்தாலும் ஒதுக்கவேண்டும். அது புலவர் வேண்டுமென்றே இரு பொருள்படச் செய்யும் நயம். இது வேண்டாமலே விழுந்த தழும்பு.

‘ஜப்பானின் நான்’ காதுக்கு உறுத்தும், உண்மைதான். அதற்காக ‘ஜப்பானைச் சேர்ந்த நான்’ என்று வழவழப்பாக்கினால் ஒரு பொருள் மட்டுமே மிஞ்சும். உறுத்தலோடு விடுவதே நல்லது.

பெயரையும் கவனிக்க வேண்டும். குடும்பப் பெயர் முதலில் வரும். ‘ஓஎ’ என்பதில் முதல் உயிர் நெடில், அடுத்தது குறில். ஆங்கில எழுத்தில் பெரும்பாலும் காணாமல்போகும் இந்த நெடில், தமிழில் இயல்பாகவே அமைகிறது.

அயல்மொழிப் படைப்புகளைப் பற்றி எழுதும்போது தமிழ்த் தலைப்பின் அருகிலேயே மூலத் தலைப்பின் ஒலிப்பையும் தமிழ் எழுத்தில் ஒரு வரி அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்