ஆறு பேரில் ஒருவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிடமிருந்து கொரிய விடுதலை என்று பேச்சு வந்தாலே பத்திரிகைகள் தென் கொரியாவின் முதல் ஜனாதிபதி சிங்மன் ரீயில் தொடங்கி அவரோடே முடித்துவிடுகின்றன. அவருக்குத் துணை ஜனாதிபதியாக இருந்த யி சி-யோங் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

மனிதர் பெரிய இடத்துப் பிள்ளை. தலைமுறை தலைமுறையாக கொரியாவின் பழைய ஜோசன் அரசவையில் பதவி வகித்த குடும்பம், இவரே பியோங்கான் பகுதிக்கு ஆளுநராக இருந்தவர். 1910-இல் ஜப்பான் நாட்டை விழுங்கியதும் அண்ணன் தம்பி ஆறு பேரும் கூடிப் பேசி, நிலம் நீச்சு, வீடு வாசல் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விற்றுவிட்டு, டிசம்பர் குளிரில் பெண்டு பிள்ளைகளோடு சுமார் 60 பேராக எல்லையிலுள்ள யாலு நதியைத் தாண்டி சீனாவின் மஞ்சூரியாவுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பணத்தில் எழுந்ததுதான் விடுதலைப் போராளிகளுக்குப் பயிற்சி தந்த ஷின்ஹுங் ராணுவப் பள்ளி. 1920-இல் மஞ்சூரியாவின் சோங்சான்ரியில் ஜப்பானியப் படையோடு மோதியவர்களில் பலர் அங்கே பயிற்சி எடுத்தவர்கள்.

சொத்து சில வருடங்களில் கரைந்தது. அப்புறம் பசிதான். ஆறு பேரில் பெரிய சொத்துக்காரரான சொக்-யோங் ஷாங்காயில் வறுமையில் செத்தார். இன்னொரு சகோதரர் ஹ்வே-யோங் 1932-இல் ஜப்பானியக் காவலில் இறந்தார். சி-யோங் அதற்குள் ஷாங்காயில் கொரியர்கள் அமைத்த தற்காலிக அரசில் சட்ட அமைச்சர், நிதி அமைச்சர் (கையில் காசில்லாத அரசுக்கு நிதி அமைச்சர்!) என்று காலம் தள்ளி, 1945-இல் நாடு திரும்பினார். ஆறு பேரில் விடுதலையை உயிரோடு பார்த்தவர் அவர் மட்டும்.

1948-இல் தென் கொரியாவின் தேசிய சபை அவரைத் துணை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. சரி, பட்ட பாட்டுக்குப் பலன் என்று உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வட கொரியாவோடு போர் நடந்துகொண்டிருந்த 1950-51 குளிர்காலத்தில், தேசியப் பாதுகாப்புப் படைக்கு என்று திரட்டிய ஆட்களின் சோற்றுக்கும் துணிக்கும் ஒதுக்கிய பணத்தை அதன் அதிகாரிகளே சுருட்ட, ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினியிலும் குளிரிலும் மடிந்தார்கள். 1951 மே மாதம், 80 வயதைத் தாண்டிய இந்த மனிதர், பதவியில் வெறுமனே உட்கார்ந்து சம்பளச் சோறு தின்பதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை என்கிற பொருளில் எழுதி, ராஜினாமாவைக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடமே ரீயை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றார். மூன்றாவதாக வந்தார். 1953 ஏப்ரலில் பூசானில் காலமானபோது போர்கூட முடிந்திருக்கவில்லை.

அடுத்த முறை கொரியா பற்றி எழுதும்போது அந்த ராஜினாமாவுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், ரீயின் படத்தை வேண்டுமானால் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்