மீண்டு வரும் மாணவனுக்கு வகுப்பில் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கும் படங்களை நாளிதழில் அடிக்கடி பார்க்கிறேன். நல்லதுதான். ஆனால் விழுந்து எழுந்து வருகிற பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டில் வலி மாத்திரைக்கு அடிமையானான். எனக்குத் தெரியவந்தபோது ஆறு மாதம் ஓடியிருந்தது. சிகிச்சை முடித்து வந்தவனை, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னது கல்லூரி.

வீட்டுக்கு வந்த பின்புதான் உண்மையான கஷ்டம். தூக்கம் வராமல் ராத்திரி முழுக்க நடப்பான். பையைச் சோதித்தேன், போனைப் பிடுங்கினேன். அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். அப்புறம் ஆலோசகர் சொன்னபடி, கையில் பணம் மட்டும் கொடுக்காமல், தினமும் இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்ந்து உட்கார்ந்தோம். நான்காம் மாதம் ஒருமுறை சறுக்கினான். அன்று அவனே வந்து சொன்னான், "அம்மா, திரும்ப போட்டுட்டேன்" என்று. திட்டவில்லை. மறுநாள் காலையில் மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

வழக்கு வந்துவிடுமோ என்று பயந்தே பல பெற்றோர் மறைக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்தவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உண்டு. இதைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சிகிச்சைக்குப் போகும் மாணவனுக்கு டி.சி.க்குப் பதிலாக ஒரு செமஸ்டர் விடுப்பு கொடுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத தாய்,
ஈரோடு.