வெளிநாட்டில் இருக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு: ஊர் வீட்டுக் குழாயைப் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ் என்று எங்கே இருந்தாலும், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ மன்னார்ப் பெருநிலப் பக்கத்திலோ உங்களுக்கு ஒரு வீடு இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். அந்த வீட்டில் அம்மா அப்பா இருக்கலாம், பெரியம்மா இருக்கலாம், பூட்டியும் கிடக்கலாம். நான் இங்கே பைப் வேலை செய்பவன். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடு ஆவணித் திருநாளுக்கும் நீங்கள் வந்துபோகிற நாட்களில் எனக்கு வேலை கூட. அதைக் குறை சொல்லவில்லை. நீங்கள் செய்யச் சொல்கிற வேலை ஒன்று, வீட்டுக்குத் தேவையான வேலை இன்னொன்று. அதைத்தான் எழுத வந்தேன்.

கேட்பது இதுதான்: அடுத்த முறை வீட்டுக்குச் செலவழிக்கும்போது, மாபிளுக்கும் பெரிய கேற்றுக்கும் முன்னால் பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்றுங்கள்.

கனடாவில் வீடு வாங்கியவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. பொலி-பி என்று அங்கே சொல்லும் சாம்பல் நிறக் குழாயை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. 1970களின் கடைசியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை வட அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் அதைப் போட்டார்கள். செம்பைவிட மலிவு, வளைத்துப் போடலாம், வேலையும் கெதியில் முடியும். தண்ணீரில் கலக்கிற குளோரின் அதன் உட்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒருநாள் வெடிக்கும். அமெரிக்காவில் வழக்குப் போய், 1995இல் 95 கோடி டொலர் நட்டஈட்டுக்கு உடன்பாடு வந்தது. இன்றும் அந்தக் குழாய் உள்ள வீடென்றால் காப்புறுதிக்காரர் முகம் சுளிப்பார். அதனால் நீங்கள் நிலக்கீழ் அறைக்குள் இறங்கி, குழாயில் பிபி 2110 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து விலை பேசுகிறீர்கள். அம்மா இருக்கிற வீட்டில் என்ன குழாய் ஓடுகிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

இங்கே உள்ளது பொலி-பி அல்ல, பிவிசி. பொருள் வேறு, வியாதியும் வேறு. அதைச் சொல்லி இதற்குப் பயமுறுத்த மாட்டேன். நிலத்துக்குள் வெயில் படாமல், ஒழுங்காகப் பொருத்திய நல்ல பிவிசி ஐம்பது வருடமும் கிடக்கும். வன்னியில் அது அப்படிக் கிடக்கவில்லை.

தொண்ணூறுகளில் இங்கே சீமெந்து வருவதே பெரும்பாடு. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் பொருள் வந்தது. அந்த மூன்று நான்கு வருடத்தில் கட்டிய வீடுகள்தான் இன்று நாங்கள் பழைய வீடு என்று சொல்பவற்றில் பாதி. பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, சுவர்கள் மட்டும் நின்றன. அந்தச் சுவர்களில் குழாய்களும் நின்றன. கூரையில்லாத வீட்டில் வருடக்கணக்காக அவை வெயிலில் காய்ந்தன. மீள்குடியேறியவர்கள் கிடைத்த காசில் கூரையைப் போட்டு, நின்ற குழாயிலேயே தண்ணீரையும் விட்டார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தது. அதில் சுவரும் கூரையும் முடிந்தாலே ஆச்சரியம். குழாய் பிறகு, கையில் காசு வந்தபோது, வந்த அளவில் போட்டது. மின்சார வயர் ஓட்டுகிற மெல்லிய குழாயைத் தண்ணீருக்குப் போட்ட வீடுகளையும் கண்டிருக்கிறேன்.

பிவிசிக்கு வெயில்தான் எமன். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேல்தோல் வெளிறி, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரித் தூள் வரும். அப்போதும் உள்ளே தண்ணீர் ஓடும். ஆனால் ஒரு தட்டுத் தாங்காது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் குரங்குகள் தாங்கியிலிருந்து இறங்கும் குழாயைப் பிடித்துத் தொங்கும். புதுக் குழாய் வளைந்து கொடுக்கும். பதினைந்து வருடம் வெயில் கண்ட குழாய் முறிந்து, ஆயிரம் லீற்றர் தண்ணீரும் வளவுக்குள் போகும். குரங்குக்கு ஏச்சு விழும்.

இன்னொரு கூத்து எங்கள் தொழிலுக்குள்ளேயே நடந்தது. இரண்டு குழாயைப் பொருத்தச் சொக்கெற் வாங்க வேண்டும். அந்தச் சில்லறைக் காசை மிச்சம் பிடிக்க, குழாய் முனையை நெருப்பில் வாட்டி விரித்து, மற்றக் குழாயை உள்ளே செருகி விடுவார்கள். வளைவுக்கும் அப்படித்தான், எல்போ வாங்காமல் வாட்டி வளைப்பது. வாட்டிய இடத்தில் குழாயின் சுவர் மெலியும். பழைய வீட்டில் கசிவு தேடிப் போனால் நான் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான்.

இனி உங்களோடு எனக்குள்ள சண்டைக்கு வருகிறேன்.

நீங்கள் வரும்போது வீட்டுக்குள் இரண்டு பொருள் வரும். ஒன்று பிரஷர் மோட்டர், மற்றது சுடுதண்ணி ஹீற்றர். பிள்ளைகளுக்கு ஷவரில் தண்ணீர் பலமாக விழ வேண்டும், சரி. மார்கழிப் பனிக்கு வெந்நீர் வேண்டும், அதுவும் சரி. ஆனால் இரண்டையும் இருபது வருடக் குழாயில் பூட்டச் சொல்கிறீர்கள். மாட்டேன் என்றால், செய்வதற்கு வேறு ஆள் இருக்கிறது.

கணக்கு எளிது. தண்ணீர் பத்து மீற்றர் உயரத்தில் நின்றால்தான் கீழே ஒரு பார் அழுத்தம். எங்கள் வீடுகளில் தாங்கி நிற்பது பதினைந்து, இருபது அடி உயரத்தில். அதாவது அரை பார் அளவு. அரை பாரில் எந்தக் குறையும் வெளியே தெரியாது. வாட்டிச் செருகிய மூட்டும் தாங்கும், பசை பாதி பட்ட மூட்டும் தாங்கும். பிரஷர் மோட்டர் இரண்டு மூன்று பார் தள்ளும். நீங்கள் நிற்கிற இரண்டு கிழமை எல்லாம் நல்லாக இருக்கும். நீங்கள் விமானம் ஏறிய பிறகு சுவருக்குள் கசியத் தொடங்கும். நீர் வழங்கல் சபையின் லைன் வந்த வீடுகளிலும் இதே கதைதான். லைனை நேரே பழைய குழாயில் கொடுத்தால், ஊர் உறங்கிய பிறகு, யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் அழுத்தம் ஏறி, அப்போதுதான் வெடிக்கும்.

ஹீற்றர் இதைவிட மோசம். சாதாரண வெள்ளைப் பிவிசி குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும் செய்தது. அதில் எழுதியிருக்கிற அழுத்தம் 20 பாகைத் தண்ணீருக்கு உரியது. சூடு ஏற ஏறத் தாங்கும் பலம் இறங்கும். 60 பாகைதான் அதன் கடைசி எல்லை. ஹீற்றருக்குள் இருக்கும் தண்ணீர் அந்த அளவை எளிதில் தொடும். வெந்நீருக்கு சிபிவிசி, இல்லையென்றால் பிபிஆர் குழாய் போட வேண்டும். இரண்டும் இங்கே கிடைக்கிறது. ஹீற்றரிலிருந்து ஷவர் வரைக்கும் பத்துப் பன்னிரண்டு அடிதான். ஹீற்றருக்கு அவ்வளவு காசு கொடுக்கிறவர்கள் அந்தப் பன்னிரண்டு அடிக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்.

கசிந்தால் என்ன, நாலு சொட்டுத்தானே என்பீர்கள். அந்த நாலு சொட்டுக்கு இரவும் பகலும் மோட்டர் விட்டு விட்டு ஓடும், கறண்ட் பில் ஏறும். சுவர் அடியில் உப்புப் பூத்துப் பூச்சுக் கழன்று விழும். இவை கண்ணுக்குத் தெரிகிற நட்டம். தெரியாத ஒன்று உண்டு: மோட்டர் நின்று குழாயில் அழுத்தம் இறங்கும்போது, வெடிப்பைச் சுற்றி மண்ணில் நிற்கிற ஊத்தைத் தண்ணீர் உள்ளே இழுபடும். மலசலகூடக் குழிக்குப் பக்கத்தால் ஓடும் குழாய் என்றால் அது எங்கே போய் முடியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அம்மா இதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல மாட்டார். “பிள்ளை செலவழித்துச் செய்து தந்தது” என்று கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, பழையபடி கிணற்றடிக்குப் போய்விடுவார். எழுபது வயதில் துலாவும் கயிறும்.

ஈயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் யாராவது இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்பீர்கள். பிவிசியை வார்க்கும்போது சூட்டில் பொருள் கெடாதிருக்க முன்பு ஈயச் சேர்மங்களைக் கலப்பது வழக்கம். ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் 2015 முடிவோடு அதை விட்டார்கள், இந்தியா 2021இல் அதற்கு விதி கொண்டுவந்தது. பழைய குழாயில் அது இருக்கிறதா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே குழாய் மாற்றும் வரைக்கும், இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காமல், கொஞ்சம் திறந்து ஓடவிட்டுப் பூக்கன்றுக்கு ஊற்றச் சொல்லுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தாங்கியையும் கழுவாமல் தண்ணீர் எடுக்கக் கூடாது.

அதேநேரம், குழாய் மாற்றினால் வவுனியாத் தண்ணீரின் கடினமும் புளோரைட்டும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது கிணற்றின் பிரச்சினை, அதற்கு வடிகட்டி வேறு.

உங்கள் வீட்டுக் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய நான் வரத் தேவையில்லை. இரவு படுக்கப் போகும்போது தாங்கியில் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று பக்கத்து வீட்டுப் பொடியனை ஏற்றிப் பார்த்து அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். மோட்டரை நிறுத்தி, எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு, காலையில் மறுபடி பார்க்கட்டும். இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. வெளியே ஓடும் குழாயை வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லி, நகத்தால் சுரண்டச் சொல்லுங்கள். தூள் வந்தால் அந்தத் துண்டு போக வேண்டியது.

மாற்றுவதென்றால் மாபிளையெல்லாம் உடைக்க வேண்டும் என்ற பயம்தான் பலருக்கு. தேவையில்லை. பழைய குழாயின் இரண்டு முனையையும் மூடிச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு, புதியதைச் சுவரின் மேலால் கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம். வடிவில்லை என்பீர்கள். வடிவைவிட, நாளைக்குக் கசிந்தால் கண்ணுக்குத் தெரிவது பெரிது. குளியலறைக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று என்று தனித்தனி வால்வு வையுங்கள். ஓரிடம் பழுதானால் வீடு முழுக்கத் தண்ணீர் நிற்காது. குழாயில் எஸ்எல்எஸ் 147 என்ற இலங்கைத் தரக் குறியீட்டு அச்சும் தாங்கும் அழுத்தமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வளவுக்குள் ஓடுவதை ஒன்றரை அடி ஆழத்தில், கல்லில்லாத மணலில் தாழுங்கள். தாங்கிக்கு ஏறும் துண்டை ஒளிக்க முடியாது, அதற்கு வெள்ளை நீர்ப் பெயின்ற் இரண்டு பூச்சு அடித்தால் வெயில் தோலில் படாது. எண்ணெய்ப் பெயின்ற் வேண்டாம். பசை ஒட்டி ஒருநாள் விட்டு, அழுத்தம் ஏற்றிப் பார்த்து, படம் எடுத்து வைத்த பிறகுதான் மூட விடுங்கள். மேசன் அவசரப்படுவார், விட வேண்டாம்.

விலை இங்கே எழுதவில்லை. 2022க்குப் பிறகு ஹாட்வெயார் கடையில் எழுதி வைத்த விலை நிற்பதில்லை. பொருளுக்கான காசைக் கடைக்கு நேரே கட்டுங்கள், பில்லைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூலியின் கடைசிப் பங்கை, அழுத்தம் ஏற்றிச் சரி பார்த்த பிறகு கொடுங்கள். என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு வேலை தெரிந்த இளம் பொடியன்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. ஆனால் மூன்று பேரிடம் விலை கேட்டு, ஆகக் குறைத்துச் சொன்னவனுக்கு வேலையைக் கொடுத்தால், அவன் சொக்கெற் வாங்காமல் நெருப்பு மூட்டுவான்.

எல்லாவற்றையும் ஒரே முறையில் செய்யக் காசு இல்லையென்றால் வெந்நீர்த் துண்டை முதலில் மாற்றுங்கள், பிறகு தாங்கியிலிருந்து இறங்குவதை, பிறகு சுவருக்குள் உள்ளதை. பிரஷர் மோட்டர் கடைசியில். பூட்டிக் கிடக்கிற வீடென்றால், இன்றைக்கே யாரையாவது அனுப்பித் தாங்கி வால்வைப் பூட்டி, தாங்கியை வெறுமையாக்கி மூடச் சொல்லுங்கள். டெங்கு நுளம்புக்கும் அது நல்லது.

கழற்றிய பழைய துண்டுகளை வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்த விடாதீர்கள். பிவிசி எரிந்தால் அமிலப் புகை வரும், டயொக்சின் என்ற நஞ்சும் சேர்ந்து வரும், முற்றத்தில் இருக்கிற அப்பாதான் அதைச் சுவாசிப்பார். சாக்கில் கட்டிப் பிரதேச சபை வண்டிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் பைப் வேலை செய்யும் ஒருவன்