வாழைநாரிலிருந்து நனோ செலுலோசு: கழிவுநீரின் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

குலை வெட்டியபின் தோட்டத்தில் அழுகவிடப்படும் வாழைமரத்திலிருந்து நனோ செலுலோசு, அதாவது தாவர நாரின் செலுலோசை நனோமீற்றர் அளவு நுண்துணிக்கைகளாகப் பிரித்த பொருள், தயாரித்து ஏற்றுமதி செய்யலாம் என்ற பேச்சு இப்போது கொழும்பில் அடிக்கடி காதில் விழுகிறது. மூலப்பொருள் தெரிவில் குறை காண்பதற்கில்லை. தென்னந்தும்பில், நாரை இறுகப் பிணைக்கும் இலிக்னின் என்னும் பொருள் மிகுந்திருப்பதால் அதை நீக்குவதற்கே பெருமளவு காரம் வேண்டும். வாழைநாரிலோ செலுலோசு பாதிக்கு மேல் உண்டு, இலிக்னினும் ஒப்பளவிற் குறைவு.

என் கேள்வி அதற்கடுத்த படிகளைப் பற்றியது. நாரைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் அவித்து, வெளிற்றி, வெண்கூழாக்கிய பின்னர், 64 சதவீதச் சல்பூரிக்கமிலத்தில் 45 பாகை செல்சியசில் முக்கால் மணி நேரமளவு வைத்திருந்தால், செலுலோசின் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்துபோக, ஊசிபோன்ற நுண்பளிங்குகள் எஞ்சும். ஆய்வுகூட முறைகளில் ஒரு கிராம் கூழுக்கு ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் அமிலமும், தாக்கத்தை நிறுத்த அதன் பத்து மடங்கு தண்ணீரும் செலவாகின்றன; ஒரு கிலோ கூழென்றால் ஏறத்தாழ 110 லீற்றர் அமிலநீர். அமிலம் நீங்கும்வரை மீண்டும் மீண்டும் கழுவும் நீர் இதற்குப் புறம்பானது. முகவையில் பார்க்க அழகான இந்த முறை, அமிலத்தை மீட்டெடுக்கும் வசதியின்றித் தொழிற்சாலைக்கு வரக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் அக்கிரா இசோகாய் குழுவினர் வளர்த்தெடுத்து, 2015 இல் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்ற டெம்போ ஒட்சியேற்ற முறை (டெம்போ என்பது இதில் பயன்படும் ஊக்கி) இதனிலும் மென்மையானது. செலுலோசு இழைகளின் மேற்பரப்பில் மறையேற்றமுள்ள காபொட்சிலேற்றுக் கூட்டங்கள் உண்டாவதால் அவை ஒன்றையொன்று தள்ளி, சிறிதளவு பொறிமுறைக் கலக்கலிலேயே 3 முதல் 4 நனோமீற்றர் அகலமுள்ள இழைகளாகப் பிரிகின்றன. ஆயினும் வழக்கமான முறையில் சோடியம் ஐப்போகுளோரைற்றும் புரோமைட்டும் சேர்வதால், அங்கும் உப்புக் கழிவுநீர் உண்டு. விலையுயர்ந்த ஊக்கியை மீட்காவிட்டால் இலாபமும் நீரோடு போய்விடும்.

கொழும்பு மாநகரின் குடிநீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே இத்தகைய ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கோருவோர், ஒரு கிலோ உற்பத்திக்கு எவ்வளவு நீர் செலவாகும், நாரை அவித்தபின் எஞ்சும் கறுப்புக் காரக்கழிவு எங்கே போகும், குளோரினுக்குப் பதிலாக ஐதரசன் பேரொட்சைட்டால் வெளிற்ற முடியுமா என்பவற்றை விண்ணப்பத்திலேயே எழுத்தில் தரவேண்டுமென மத்திய சுற்றாடல் அதிகாரசபையைக் கேட்டுக்கொள்கிறேன். அம்பத்தலைக்கு மேலே, ஆற்றோரமாக, அமில முறை ஆலை எதற்கும் இடமளிக்கக்கூடாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.